மாட்டுப் பண்ணையில் நாலு பாட்டு

ஒரு பாட்டைப் பல வருஷம் ரசித்துக் கேட்டுவிட்டு, அது யாரைத் திட்டுகிறது என்று லேட்டாகத் தெரிந்துகொண்ட அனுபவம் உங்களுக்கு உண்டா? எனக்கு உண்டு. இந்தப் பதிவே அதனால்தான்.

2006ல் ஆன்சைட் வேலையாக இங்கிலாந்தில் ஒரு வருஷம் இருந்தேன். நாலு பேர் சேர்ந்து ஒரு சின்ன வீடு. தினமும் சாம்பார் இல்லாவிட்டால் புளிசாதம், பழைய கடையில் வாங்கின கோட்டு, மிச்சப்படுத்தின ஒவ்வொரு பவுண்டுக்கும் மனசுக்குள் ஒரு ரூபாய்க் கணக்கு. "ரொம்ப எளிமையா வாழறோம்" என்று ஒரு பெருமை வேறு. டிசம்பரில் ஆபீஸ் பார்ட்டி. கரோக்கேயில் எனக்குத் தெரிந்த ஒரே ஆங்கிலப் பாட்டான 'காமன் பீப்பிள்' பாடினேன். ஷெஃபீல்டுக்காரரான சக ஊழியர் ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பாட்டு நல்லா இருந்துச்சு. ஆனா அது யாரைப் பத்தினதுன்னு தெரியுமா?" என்றார். தெரியாது. அன்று ராத்திரி அவர் சொன்ன கதையில் ஆரம்பித்து கிட்டத்தட்ட இருபது வருஷமாக இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். 2025 கோடையில் கதை ஒரு சுற்று முடிந்து தொடங்கின இடத்துக்கே வந்துவிட்டது. அதனால் இப்போது எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் அந்தப் பண்ணை

இங்கிலாந்தின் தென்மேற்கில் சாமர்செட் மாவட்டம். அங்கே பில்டன் என்ற கிராமத்தில் வொர்த்தி ஃபார்ம் என்று ஒரு பால் பண்ணை. 1954ல் அப்பா இறந்தபோது அதை ஏற்று நடத்த வந்தவர் மைக்கேல் ஈவிஸ். வயது 19.

1970 கோடையில் பக்கத்து ஊரில் நடந்த பாத் புளூஸ் விழாவுக்குப் போய் லெட் செப்பலினைப் பார்த்துவிட்டு வந்தார். நம்ம பண்ணையிலேயே இப்படி ஒன்று நடத்தினால் என்ன என்று ஆசை. அதே வருஷம் செப்டம்பர் 19ல் நடத்தியும் விட்டார். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் இறந்த மறுநாள் அது. டிக்கெட் 1 பவுண்டு. டிக்கெட் வாங்கினால் பண்ணைப் பால் இலவசம். வந்தவர்கள் சுமார் 1,500 பேர். வருவதாக இருந்த கிங்க்ஸ் குழு வரவில்லை. பதிலுக்கு மார்க் போலனின் டிரனொசாரஸ் ரெக்ஸ் வந்து பாடியது.

இந்த 'பதிலுக்கு வந்தவர்' என்பதை மனசில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். க்ளாஸ்டன்பரியின் பெரிய கணங்களில் சில, வர வேண்டியவர் வராமல் போனதால் நடந்தவை.

அடுத்த வருஷம் விழா கோடைக்கு, ஜூன் மாதத்துக்கு, மாறியது. 1971ல்தான் முதல் பிரமிட் மேடை. டேவிட் போவி விடியற்காலையில் பாடினார். பிறகு சில வருஷம் இடைவெளி. 1981ல் அணு ஆயுத எதிர்ப்பு இயக்கத்துக்கு நிதி திரட்டும் விழாவாக மறுபடி எழுந்தது. அப்போது ஒரு நிரந்தர பிரமிட் மேடை கட்டினார்கள். கோடையில் மேடை, குளிர்காலத்தில் மாட்டுத் தொழுவமும் தீவனக் கிடங்கும். ராக் இசை உலகின் மிகப் பெயர்பெற்ற மேடை வருஷத்தின் பெரும்பகுதி மாடுகளுக்குச் சொந்தமாக இருந்தது. எனக்கு ரொம்பப் பிடித்த தகவல் இது.

அதென்ன இண்டி?

இப்போது 'இண்டி' என்றால் ஒரு ஒலி. கிட்டார், கொஞ்சம் சோகம், கலைந்த தலை. ஆனால் இந்த வார்த்தை பிறந்தது வியாபாரத்தில்.

1977 ஜனவரியில் மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு கடன் வாங்கி, தங்கள் சொந்த லேபிளில் 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' என்ற சின்ன இசைத்தட்டைப் போட்டது. முதலில் அடித்தது 1,000 பிரதிகள். பெரிய கம்பெனி தயவில்லாமல் தட்டு போடலாம் என்று அது பலருக்குக் காட்டியது. லண்டனில் ஜெஃப் டிராவிஸ் 1976ல் திறந்த ரஃப் டிரேட் கடை இப்படிப்பட்ட தட்டுகளை வாங்கி விற்றது. 1978ல் தானே ஒரு லேபிளும் ஆனது. 1980 ஜனவரியில் இவற்றுக்கென்று தனி விற்பனைப் பட்டியலே வந்துவிட்டது.

அந்தப் பட்டியலில் சேர ஒரே விதிதான். தட்டு பெரிய கம்பெனிகளின் விநியோக வழியில் போயிருக்கக் கூடாது. பாட்டு எப்படி ஒலிக்கிறது என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இதனால் நடந்த வேடிக்கை: எண்பதுகளின் கடைசியில் கைலி மினோக்கின் டான்ஸ் பாட்டுகள் இண்டி பட்டியலின் உச்சிக்குப் போயின. அவருடைய லேபிள் சுயேச்சையான விநியோகஸ்தரைப் பயன்படுத்தியது, அவ்வளவுதான். இன்னொரு பக்கம், பெரிய கம்பெனிகள் ஆதரவில் இருந்த கிட்டார் குழுக்களை எல்லோரும் இண்டி என்றே கூப்பிட்டார்கள்.

ஆக வார்த்தை ஒன்று, அர்த்தம் இரண்டு. ஒன்று யார் கையில் காசு என்பது. இன்னொன்று யாருடைய குரல் என்பது. இரண்டும் சேர்ந்தே போகும் என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். நான் எடுத்திருக்கும் நாலு பாட்டும் இந்த இரண்டும் எங்கே பிரிந்தன, எங்கே மறுபடி ஒட்டின என்று காட்டுபவை.

பாட்டு 1: ஹேண்ட் இன் க்ளவ் (ஸ்மித்ஸ்)

1982ல் மான்செஸ்டரில் உருவான குழு ஸ்மித்ஸ். பேர் வைத்ததிலேயே ஒரு செய்தி இருந்தது. அந்தக் காலத்துக் குழுக்களின் பகட்டுப் பெயர்களுக்கு நடுவே இங்கிலாந்தின் ஆகச் சாதாரணமான குடும்பப் பெயர். நம்ம ஊரில் ஒரு குழு 'முருகன்கள்' என்று பேர் வைத்துக்கொண்ட மாதிரி.

முதல் பாட்டு 'ஹேண்ட் இன் க்ளவ்'. ஜானி மார் வாசிக்கும் மவுத் ஆர்கனோடு ஆரம்பிக்கும். பதிவு செய்ய ஆன சில நூறு பவுண்டை அவர்களுடைய மேனேஜர் கொடுத்தார். மார் டேப்பை எடுத்துக்கொண்டு நேராக லண்டனில் ரஃப் டிரேடுக்குப் போய், ஜெஃப் டிராவிஸை மடக்கிப் பிடித்துக் கேட்க வைத்தார். 1983 மே மாதம் தட்டு வந்தது. முக்கியப் பட்டியலில் எடுபடவில்லை. இண்டி பட்டியலிலோ மாதக்கணக்கில் அசையாமல் நின்றது. உள்ளே என்ன இருக்கிறது? காதல்தான். ஆனால் ஊர் சிரிக்கும் என்று தெரிந்தும் தலை நிமிர்ந்து நடக்கும் இரண்டு பேரின் காதல்.

1984 ஜூன் 23, ஸ்மித்ஸ் க்ளாஸ்டன்பரியில். அதுவரை அந்தப் பண்ணைக்கு வந்த கூட்டம் பெரும்பாலும் ஹிப்பிகள், நாட்டுப்புற இசைக்காரர்கள், அணு ஆயுத எதிர்ப்பாளர்கள். நீண்ட முடியும் கூடாரமுமாக இருந்தவர்கள் நடுவே, நகரத்துக் கவுன்சில் வீடுகளிலிருந்து வந்த பையன்களின் கூர்மையான கிட்டார். கடைசியில் ரசிகர்கள் மேடையிலேயே ஏறிவிட்டார்கள். மேடையில் பாடியதும் ஏறிக் குதித்ததும் ஒரே வயசுப் பிள்ளைகள். விழாவின் முகம் மாற ஆரம்பித்தது அங்கேதான் என்பது என் கணிப்பு.

இந்தப் பாட்டில் காசும் குரலும் ஒரே இடத்தில் இருக்கின்றன. சொந்தக் குரல், சுயேச்சை லேபிள். அதிகமாகப் பத்து வருஷம்தான் இது நீடித்தது.

பாட்டு 2: காமன் பீப்பிள் (பல்ப்)

இப்போது நம்ம கதாநாயகப் பாட்டு.

ஷெஃபீல்டு எஃகு நகரம். அங்கே 1978ல் ஜார்விஸ் காக்கர் என்ற பள்ளிக்கூடப் பையன் ஒரு குழு ஆரம்பித்தான். 1981ல் பி.பி.சி. வானொலியில் ஜான் பீல் நிகழ்ச்சிக்கு வாசிக்கக் கூப்பிட்டார்கள். பையனுக்கு 18 வயது. கதவு திறந்துவிட்டது என்றுதானே நினைப்போம்? அடுத்த முறை பீல் நிகழ்ச்சிக்குப் பல்ப் போனது 1993ல். நடுவில் 12 வருஷம். ஆல்பங்கள் வந்தன, விற்கவில்லை. ஆட்கள் வந்தார்கள், போனார்கள். 1985ல் ஒரு பெண்ணைக் கவர ஜன்னலில் தொங்கிக் காட்டப் போய், கீழே விழுந்து எலும்பை உடைத்துக்கொண்ட காக்கர், கொஞ்ச நாள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே மேடையில் பாடினார்.

1988ல் லண்டனுக்குப் போய் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் சினிமா படிக்கச் சேர்ந்தார். அங்கே கிரேக்கத்திலிருந்து வந்த வசதியான மாணவி ஒருத்தி, லண்டனின் ஏழைப் பகுதிக்குக் குடிபோய்ச் சாதாரண ஜனங்கள் மாதிரி வாழ்ந்து பார்க்க ஆசை என்று பேச்சுவாக்கில் சொன்னாள். காக்கருக்கு அது மனசில் தங்கிவிட்டது.

சில வருஷம் கழித்து, தன் பழைய இசைத்தட்டுகளை நாட்டிங் ஹில்லில் ஒரு செகண்ட் ஹேண்ட் கடையில் விற்று, அந்தக் காசில் ஒரு சின்ன காஸியோ கீபோர்டு வாங்கினார். வீட்டில் உட்கார்ந்து தட்டியபோது ஒரு எளிய மெட்டு வந்தது. பேஸ் கிட்டார்காரர் ஸ்டீவ் மேக்கி அதைக் கேட்டுவிட்டு, எமர்சன் லேக் அண்ட் பாமர் வாசித்த 'ஃபான்ஃபேர் ஃபார் த காமன் மேன்' மாதிரி இருக்கு என்று கிண்டலடித்தார். 'காமன்' என்ற அந்தச் சொல், கல்லூரி மாணவியின் பேச்சை ஞாபகப்படுத்தியது. இப்படிப் பிறந்த பாட்டு.

பாட்டின் அமைப்பைப் பாருங்கள். ஆரம்பத்தில் ஒரு கதை சொல்லும் தொனி. பணக்காரப் பெண், சூப்பர் மார்க்கெட், கொஞ்சம் கிண்டல், கொஞ்சம் கொஞ்சல். போகப் போக வேகம் கூடும். குரல் உயரும். கிண்டல் கோபமாகும். நீ என்ன வேஷம் போட்டாலும் உனக்கு அது புரியாது, ஏனென்றால் நிலைமை கைமீறினால் அப்பாவுக்கு ஒரு போன் போட்டு நீ வெளியே வந்துவிடலாம் என்பது அதன் சாரம். ஏழ்மை என்பது காசு இல்லாதது மட்டுமல்ல, திரும்பிப் போக வழி இல்லாததும்தான். மெட்டு ஒரே மாதிரி சுற்றிச் சுற்றி வருவது இதற்காகத்தானோ என்று எனக்குத் தோன்றும். பாட்டுக்குள்ளேயும் வெளியேறும் வாசல் கிடையாது.

1995 மே மாதம் வெளிவந்து நேராக 2ஆம் இடத்துக்குப் போனது. முதலிடத்தை மறித்து நின்றது யார் தெரியுமா? டிவி சீரியல் நடிகர்கள் இரண்டு பேர், ராப்சன் அண்ட் ஜெரோம், பாடின ஒரு பழைய பாட்டு.

அந்தக் கோடை க்ளாஸ்டன்பரியில் சனிக்கிழமை இரவு பிரமிட் மேடையில் தலைமை நிகழ்ச்சி ஸ்டோன் ரோஸஸ் குழுவுக்கு. விழாவுக்குச் சில நாள் முன்பு அவர்களுடைய கிட்டார்காரர் ஜான் ஸ்கொயர், அமெரிக்காவில் மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டப் போய் விழுந்து காலர் எலும்பை உடைத்துக்கொண்டார். பதிலுக்கு யார்? கூப்பிட்டது பல்ப்பை. சுற்றுவட்டாரத்தில் ஹோட்டல் அறை ஒன்றும் பாக்கியில்லை. குழு கூடாரத்தில் படுத்தது.

ஜூன் 24. டிக்கெட் 65 பவுண்டு, அனுமதி 80,000 பேருக்கு. ஆனால் வெள்ளிக்கிழமையே வேலியைச் சாய்த்துவிட்டு டிக்கெட் இல்லாமல் பெருங்கூட்டம் உள்ளே வந்துவிட்டிருந்தது. என் ஷெஃபீல்டு நண்பர் அந்த வேலி வழியாக வந்தவர்தான். "கையில இருந்த காசு ரயிலுக்கே பத்தலை, டிக்கெட்டுக்கு எங்க போக?" என்றார்.

அன்று மேடையில் காக்கர் இன்னும் வெளிவராத புதுப் பாட்டுகளையும் பாடினார். அதில் ஒன்று 'சார்ட்டட் ஃபார் ஈஸ் அண்ட் விஸ்'. வயல்வெளியில் விடிய விடிய நடக்கும் போதைக் கொண்டாட்டத்தின் மறுநாள் வெறுமையைப் பற்றினது. அந்தத் தலைப்பு வந்த விதம் வேடிக்கை. 1990ல் ஸ்பைக் ஐலண்ட் என்ற இடத்தில் நடந்த ஒரு பெரிய கச்சேரிக்குப் போய் வந்த பெண் ஒருத்தி, அங்கே போதை மாத்திரை விற்பவர்கள் கூவிக்கொண்டு போன வாசகம் மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது என்று காக்கரிடம் சொன்னாளாம். அந்தக் கச்சேரி யாருடையது? ஸ்டோன் ரோஸஸ். அவர்கள் வராத இடத்தில், அவர்கள் கச்சேரியில் பிறந்த வாசகம்.

கடைசிப் பாட்டு 'காமன் பீப்பிள்'. அதற்கு முன்னால் காக்கர் கூட்டத்திடம் பேசினார். என்னை மாதிரி ஒரு நெட்டை ஆசாமியாலேயே இது முடிகிறது என்றால் உங்களாலும் முடியும் என்கிற பொருளில். 17 வருஷம் காத்திருந்த மனுஷன் சொல்வதால் அது மேடைப் பேச்சாகத் தெரியவில்லை. பிறகு பாட்டு. இருட்டில் கண்ணுக்கெட்டியவரை குதிக்கிற தலைகள். ஒரு மாதத்துக்கு முன் வந்த பாட்டை அத்தனை பேரும் முழுசாகப் பாடுகிறார்கள். வீடியோ பார்த்தால் காக்கரின் முகத்தைக் கவனியுங்கள். நம்ப முடியாமல் ஒரு நொடி நிற்பார்.

இங்கேதான் என் சங்கடம். 65 பவுண்டு கொடுத்து வந்து, மூன்று நாள் கூடாரம் போட்டு, திங்கள்கிழமை வீட்டுக்குப் போய்க் குளிக்கப் போகிற கூட்டமும் அங்கே இருந்தது. அவர்களும் அதே உற்சாகத்தோடு பாடினார்கள். பாட்டு திட்டுவது யாரை? அது மட்டுமில்லை, பல்ப் அப்போது இருந்தது ஐலண்ட் லேபிளில். அதன் முதலாளி பாலிகிராம், உலகின் பெரிய இசைக் கம்பெனிகளில் ஒன்று. முந்தின நாள் இரவு பாடின ஒயாஸிஸின் லேபிளான க்ரியேஷனில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பங்கு சோனியுடையது. வியாபார அர்த்தத்தில் அந்த மேடையில் இண்டி ஏறக்குறைய செத்துவிட்டது. குரல் அர்த்தத்தில் அதுதான் அதன் உச்சம்.

பாட்டு 3: பாரனாய்ட் ஆண்ட்ராய்ட் (ரேடியோஹெட்)

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்.

1997. அந்த வருஷம் மழை கொட்டி, பண்ணை முழுக்கச் சேறு. ரேடியோஹெட்டின் 'ஓகே கம்ப்யூட்டர்' ஆல்பம் வெளிவந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஜூன் 28 சனிக்கிழமை இரவு மேடையேறினார்கள். பாடகர் தாம் யார்க்குக்குத் தன் குரல் கேட்கும் மானிட்டர்கள் பழுதாகிவிட்டன. விளக்கு நேராகக் கண்ணில் அடித்தது. எதிரே கூட்டம் இருக்கிறதா, கலைந்துவிட்டதா என்றே தெரியவில்லை. இறங்கிப் போய்விடலாம் என்ற அளவுக்கு வந்துவிட்டார். கிட்டார்காரர் எட் ஓ'பிரையன் தடுத்து நிறுத்தினார். யார்க் கேட்டது ஒன்றுதான்: விளக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்புங்கள், ஜனங்களைப் பார்க்கணும். திருப்பினார்கள். ஆயிரக்கணக்கான முகங்கள்.

ப்ரொடக்‌ஷனில் சிஸ்டம் செத்துப்போய், லாகும் இல்லாமல், மானிட்டரும் இல்லாமல் ராத்திரி இரண்டு மணிக்கு உட்கார்ந்திருந்த யாருக்கும் இந்தக் கணம் புரியும். உங்கள் பக்கம் எல்லாம் இருட்டு. மறுமுனையில் எல்லாம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. மோசமான இரவு என்று அவர்கள் நினைத்ததைத்தான் விழாவின் வரலாற்றிலேயே சிறந்த நிகழ்ச்சிகளில் ஒன்றென்று இப்போது எழுதுகிறார்கள்.

'பாரனாய்ட் ஆண்ட்ராய்ட்' ஆறு நிமிஷத்துக்கு மேல் ஓடும், மூன்று தனிப் பாட்டுத் துண்டுகளை ஒட்டிச் செய்தது. தலைப்பு டக்ளஸ் ஆடம்ஸின் கதையில் வரும் சோக ரோபோ மார்வினிடமிருந்து வந்தது. இப்படிப்பட்ட ஒன்றை ரேடியோ எப்படிப் போடும்? போட்டார்கள், 3ஆம் இடம் வரை போனது. லேபிள் இ.எம்.ஐ.யின் பார்லஃபோன். ஒப்பந்தம் முடிந்த பின் 2007 அக்டோபரில் 'இன் ரெயின்போஸ்' ஆல்பத்தைத் தங்கள் இணையதளத்திலேயே போட்டு, விலையைக் கேட்பவரே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். பிறகு சிடியாக அதை வெளியிட்டது எக்ஸ்.எல். என்ற சுயேச்சை லேபிள். இந்தப் பேரையும் குறித்து வையுங்கள்.

பாட்டு 4: கலாங் (எம்.ஐ.ஏ.)

இது இண்டி பேண்டா என்று சண்டைக்கு வருவீர்கள். பொறுங்கள். இந்த இடத்தில் கதை நம்ம பக்கம் திரும்புகிறது, நானும் எதிர்பார்க்கவில்லை.

1995 க்ளாஸ்டன்பரியில் பாடின இன்னொரு குழு எலாஸ்டிகா. பாடகி ஜஸ்டின் ஃப்ரிஷ்மன். அவர்களுடைய 2000ஆம் வருஷ ஆல்பத்துக்கு அட்டை செய்தவர், சுற்றுப்பயணத்தைப் படம் பிடித்தவர் ஒரு இளம் கலை மாணவி. பேர் மாயா அருள்பிரகாசம். இலங்கைத் தமிழ்க் குடும்பம். அப்பா அருளர், ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். போரிலிருந்து தப்பி, சின்ன வயசில் அம்மாவோடும் கூடப்பிறந்தவர்களோடும் அகதியாக லண்டன் வந்து, தெற்கே மிச்சம் பகுதியில் கவுன்சில் குடியிருப்பில் வளர்ந்தவர். படித்த கல்லூரி? செயின்ட் மார்ட்டின்ஸ். காக்கர் சினிமா படித்த அதே இடம், அவரும் படித்தது சினிமாதான்.

ஃப்ரிஷ்மனிடமிருந்த ரோலண்ட் கருவி ஒன்றை வைத்துக்கொண்டு மாயா தானே தாளம் போடக் கற்றுக்கொண்டார். முதல் பாட்டு 'கலாங்'. ஃப்ரிஷ்மனும் சேர்ந்து எழுதினார். தயாரித்தவர்கள் ராஸ் ஆர்ட்டன் என்ற ஷெஃபீல்டுக்காரரும் இன்னொருவரும். அந்த இன்னொருவர் ஸ்டீவ் மேக்கி. ஆமாம், 'காமன் மேன்' என்று கிண்டலடித்த அதே பல்ப் பேஸ் கிட்டார்காரர். 2003ல் ஒரு குட்டி லேபிளில் 500 பிரதிகள் வந்தன. அது டான்ஸ் கிளப்புகளில் பரவ, எக்ஸ்.எல். அவரை எடுத்துக்கொண்டது. 2005ல் வந்த முதல் ஆல்பத்தின் பேர் 'அருளர்'. 2014ல் அவர் க்ளாஸ்டன்பரியின் வெஸ்ட் ஹோல்ட்ஸ் மேடையில் தலைமை நிகழ்ச்சி கொடுத்தார்.

இரண்டு பெண்களையும் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். அதே கல்லூரி, பத்து வருஷ இடைவெளி. ஒருத்தி ஏழைக் குடியிருப்பை வாழ்ந்து பார்க்க ஆசைப்பட்டவள். இன்னொருத்தி வேறு வழியில்லாமல் அங்கே வளர்ந்தவள், திரும்பிப் போக ஊர் இல்லாதவள். முதலாமவளைப் பற்றி மற்றவர் பாட்டு எழுதினார். இரண்டாமவள் தானே பாடினாள். 'காமன் பீப்பிள்' பாட்டின் பேஸ் கிட்டாரை வாசித்த கைதான் அவளுக்கும் முதல் பாட்டு செய்துகொடுத்தது.

ராஸ் ஆர்ட்டன் பிறகு ஆர்க்டிக் மங்கீஸின் 2013 ஆல்பத்தில் இணைத் தயாரிப்பாளராக இருந்தார். அவர்களும் ஷெஃபீல்டு, அவர்களும் டொமினோ என்ற சுயேச்சை லேபிள். பாட்டு சிடிகளைக் கச்சேரியில் சும்மா கொடுக்க, ரசிகர்கள் இணையத்தில் பரப்ப, 2005ல் முதல் பெரிய சிங்கிளே முதலிடம். 2007ல் 21 வயது பாடகரோடு க்ளாஸ்டன்பரியின் தலைமை மேடை. பல்ப் 17 வருஷம் நடந்த தூரம், இவர்களுக்கு 5 வருஷம். நடுவில் வந்தது இணையம்.

சுற்று முடிந்த இடம்

2025 ஜூன் 28, சனிக்கிழமை. பிரமிட் மேடை நிகழ்ச்சி நிரலில் 'பேட்ச்வர்க்' என்று யாருக்கும் தெரியாத ஒரு பேர். வந்தது பல்ப். சரியாக முப்பது வருஷம் கழித்து. ஸ்டீவ் மேக்கி இல்லை, 2023ல் இறந்துவிட்டார். அந்த மாதம்தான் 24 வருஷத்துக்குப் பிறகு அவர்களுடைய புது ஆல்பம் 'மோர்' வந்து முதலிடம் பிடித்திருந்தது. அதன் முதல் சிங்கிளின் பேர் 'ஸ்பைக் ஐலண்ட்'. வெளியிட்ட லேபிள் எது தெரியுமா? ரஃப் டிரேட். 1983ல் ஸ்மித்ஸின் டேப்பை வாங்கிக்கொண்ட அதே ரஃப் டிரேட். நடுவில் நொடித்துப்போய் மறுபடி எழுந்தது. இன்று அது இருக்கும் சுயேச்சைக் குழுமத்தில்தான் எக்ஸ்.எல்.லும் இருக்கிறது.

காசும் குரலும் கடைசியில் மறுபடி ஒன்று சேர்ந்துவிட்டன என்று சந்தோஷமாக முடிக்கலாம். ஆனால் இன்னொரு கணக்கு இருக்கிறது. 1970ல் 1 பவுண்டு. 1995ல் 65 பவுண்டு. 2025ல் 373.50 பவுண்டு, முன்பதிவுக் கட்டணம் தனி. 2002லிருந்து வேலி ஏறிக் குதிக்க முடியாத இரும்பு மதில். பாடுபவர்கள் சுதந்திரமாகிவிட்டார்கள். கேட்க வருபவர்களில் கை காலியானவர்களுக்கு இடமில்லை. என் நண்பர் மாதிரி ஒரு பதினெட்டு வயசுப் பையன் இன்று அந்த வயலுக்குள் வர முடியாது. அவன் வீட்டில் பி.பி.சி.யில் பார்த்துக்கொள்ளலாம். பார்க்கிறான் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த 2006 டிசம்பருக்கு வருகிறேன். நண்பர் சிரித்ததன் அர்த்தம் எனக்கு விமானத்தில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது. நான் அங்கே 'எளிமையாக' வாழ்ந்தேன், சரி. ஆனால் என் பையில் ரிட்டர்ன் டிக்கெட் இருந்தது. அதே தெருவில், அதே பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு, அதே கடையில் மிச்ச ரொட்டி வாங்கினவர்களுக்கு அது இல்லை. நான் பாடின பாட்டு என்னைப் பற்றினது.

இப்போதும் அந்தப் பாட்டு எனக்குப் பிடிக்கும். காரில் போகும்போது சத்தமாக வைப்பேன். கடைசி நிமிஷம் வேகமெடுக்கும்போது கூடப் பாடுவதை மட்டும் விட்டுவிட்டேன்.